வயசுக்கு ஏத்த மாதிரி

வயதாவது ஒரு கெட்ட பழக்கம். புகையிலை போடுவதைப் போல, புறம் பேசுவதைப் போல, ஒழுக்கம் தளர்ந்தவர்களைத்தான் அது பிடிக்கும். மன உறுதியும் தினம் இருபது தண்டாலும் உள்ள மனிதனை அது அண்டவே அண்டாது. இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் உச்சிப்புளி வீரையா சார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், வயது ஐம்பத்தொன்பது. தண்டால் எடுப்பதை அவர் நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறது. கொள்கையை மட்டும் நிறுத்தவில்லை.

ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குக் கொள்கைப் பணி தொடங்கும். பழைய லுங்கியைத் தோளில் போர்த்திக்கொண்டு, கிண்ணத்தில் டையைக் குழைத்து, தலைக்கும் மீசைக்கும் பூசிக்கொண்டு உட்காருவார். வாயைத் திறந்தால் மீசை டை உள்ளே போய்விடும் என்பதால் முக்கால் மணி நேரம் பேச மாட்டார். அந்த வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை நிலவும் அமைதி அதுதான்.

அவருடைய மனைவி பர்வதவர்த்தினி அந்தக் கெட்ட பழக்கத்துக்கு அடிமையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவளும் புருஷன் சொல்லைக் கேட்டு வருடக்கணக்கில் டை போட்டவள்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் இமை இரண்டும் வீங்கி, தலையெல்லாம் கொப்புளமாக எழுந்தாள். ராமநாதபுரத்துத் தோல் டாக்டர், "இனிமே இந்த டப்பாவைத் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டார். முதல் ஒரு வருடம் பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தலையை முந்தானையால் மூடிக்கொண்டே நடந்தாள். பிறகு ஒருநாள் அலுத்துப்போய், கறுத்த பாதியை வெட்டி எறிந்தாள். கழுத்தளவுக்கு நின்றது முழு வெள்ளை முடி. உப்பளத்தில் வெயில் விழுந்தது போல் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் போய் ஒரு மெரூன் சேலையும் பெரிய ஜிமிக்கியும் வாங்கிக்கொண்டாள்.

இருபது வருடமாக வீட்டில் ஜாக்கெட் தைத்தவள் அவள். ஐம்பது வயதுக்காரியின் கை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அழகான வேலைப்பாடு வேண்டுமென்றால் கொக்கி முதுகில் இருக்கும். கொக்கி முன்னால் வேண்டுமென்றால் சந்தனக் கலரில் மொட்டையாக ஒன்று கிடைக்கும். ஊரில் உள்ள கடைகள் வயதான பெண்களுக்கு வைத்திருந்த சாய்ஸ் இவ்வளவுதான். வேலைப்பாடும் இருக்கட்டும், கொக்கியும் முன்னால் இருக்கட்டும் என்று அவள் தைக்க ஆரம்பித்தபோது வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தது. ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு கடை பிடித்தாள். ‘நாற்பதுக்கு மேல்’ என்று பெயர் வைத்தாள். உதவிக்கு மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அனுஷியா. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டினார்கள்: ‘அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். உள்ளபடி நில்லுங்கள்.’

வீரையா சார் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தொந்திய வெளிய விட்டுட்டு நில்லுங்கன்னு போர்டு வச்ச ஒரே கடை நம்ம கடைதான். நான் முப்பத்தஞ்சு வருசமா பிள்ளைகள வயித்த உள்ள இழு, உள்ள இழுன்னு கத்திக்கிட்டு இருக்கேன். நீ ஊரையே வெளிய விடச் சொல்றியே பர்வதம்!"

இதைச் சொல்லி முடிக்கும்வரை அவருடைய வயிறு உள்ளேதான் இருந்தது. பேச்சு நீண்டுவிட்டதால் முகம் மட்டும் கொஞ்சம் சிவந்தது.

திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வைக்கப் படம் எடுத்தது அனுஷியா.

"கமெராவைப் பாக்காதேங்கோ அக்கா. அண்டைக்கு அந்த டீச்சர் புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால சுத்திச் சுத்தி ஆடினவ எல்லோ, அதை நினையுங்கோ."

பர்வதம் நினைத்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள். அந்த நொடியை அனுஷியா பிடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் படத்தைப் பார்த்த வீரையா சாருக்குச் சோறு இறங்கவில்லை. மெரூன் சேலை, ஜிமிக்கி, நரைத்த தலை, அதற்கு மேல் இப்படியொரு சிரிப்பு. பொண்டாட்டிக்கே இவ்வளவு நரை என்றால் புருஷனுக்கு எத்தனை வயது என்று ஊர் கணக்குப் போடாதா?

"ஏ பர்வதம், வயசுக்கு ஏத்த மாதிரி அடக்கமா ஒரு போட்டோ வச்சா என்ன?"

"இது என் வயசுக்கு ஏத்ததுதாங்க. என் வயசுல நான் இப்பிடித்தான் சிரிக்கிறேன்." பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இந்த ஒரு போட்டோவ நம்பித்தான் கடையத் தொறக்குறேன். ரோட்டுல போறவளுக ‘இவளே இப்பிடி இருக்கா, நமக்கென்ன’ன்னு தைரியமா உள்ள வரணும். இதுல மட்டும் கை வச்சிராதீங்க."

அவர் கை வைக்கவில்லை. மறுநாள் ஃப்ளெக்ஸ் கடை கனியிடம் போய், அவன் கையால் வைக்கச் சொன்னார். கனி அவரிடம் படித்தவன்; மைதானத்தைச் சுற்றி ஓடியதில் பாதி இவர் விதித்த தண்டனை.

"ஏலே கனி, எங்க வீட்டம்மா படத்துல அந்த முடியக் கொஞ்சம் கறுப்பாக்கு."

"ஐயோ சார். நரையில ஒரு முடி குறைஞ்சாலும் கத்தரிக்கோலோட வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"அப்ப நரை இருக்கட்டும். அதுக்கேத்த மரியாத வேணும்ல? இந்தா, பேங்க்குக்கு எடுத்த போட்டோ. வெளிர் சேலை, வாய் மூடி இருக்கு பாரு. இதப் போடு."

கனி பார்த்தான். "பின்னாடி என்ன கலரு சார்?"

"வெள்ளை. ஓரத்துல ரெண்டு பூ. பேரப் பெருசாப் போடு, தொறப்பு விழாத் தேதியப் போடு. கடை, ஜாக்கெட்டு அதெல்லாம் கீழ பொடிசா இருக்கட்டும். தம்பட்டம் அடிக்கக் கூடாது."

கனி கம்ப்யூட்டரில் அடுக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "சார், பாக்க ஒரு மாதிரியா..."

"நீ வாத்தியாரா, நான் வாத்தியாரா?"

"நீங்கதான் சார்" என்றான் கனி. பழைய மாணவனுக்கு வேறு பதில் வராது.

இந்தப் பக்கத்தில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் உண்டு. சடங்குக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. அதற்கப்புறம் ஒரு பெண்ணின் முகம் ரோட்டோரம் வருவது கண்ணீர் அஞ்சலிக்குத்தான். நடுவில் ஒரு நாற்பது வருடம் அவளுக்கு முகம் இருந்ததாக ஊருக்குத் தகவல் இல்லை. ஆகவே புதன்கிழமை விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் வெள்ளைப் பின்னணியும் நரைத்த தலையும் சிரிக்காத முகமும் பெரிய எழுத்தில் பெயரும் தேதியுமாக அந்த ஃப்ளெக்ஸ் ஏறியபோது, பஸ்ஸில் போனவர்கள் யாரும் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. படிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

வீரையா சார் அன்று சலூனுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்தார். போன் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தது. மைதானத்தில் முந்நூறு பிள்ளைகள் தலை குனிந்து, ஆடாமல் அசையாமல் நின்றார்கள். தன் விசில் இல்லாமலே இவ்வளவு ஒழுக்கமா என்று அவருக்கு மனம் குளிர்ந்தது. யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று புரிந்துகொண்டு, ஓரமாக நின்று கண்ணை மூடி, ஒரு நிமிடமும் சிரத்தையாக மௌனம் காத்தார். பின்வரிசைப் பையன்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்கள்.

மௌனம் முடிந்ததும் தலைமையாசிரியர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீரையா, மனசத் திடப்படுத்திக்கங்க."

"திடமாத்தான் சார் இருக்கேன். யாரு பாவம்?"

தலைமையாசிரியரின் கண் கலங்கியது. "உங்க வீட்டம்மா... உங்களுக்கே தெரியாதா?"

வீரையா சார் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். காலையில் அவள் காபி கொடுத்தாள். அதற்குள் என்ன? அரை நிமிடம் காதில் எதுவும் விழவில்லை. அந்த அரை நிமிடத்தில் அவர் கண்ணுக்குள் ஒரு முகம் வந்து நின்றது. கல்யாணத்தன்று பார்த்த முகம் அல்ல. டை போட்டு இளமையாக வைத்திருந்த முகமும் அல்ல. நரைத்த தலையைப் பின்னால் சாய்த்து, ஜிமிக்கி ஆட, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்த அந்த மெரூன் சேலைக்காரி. அப்படி ஒருத்தியை இனிப் பார்க்கவே முடியாதா?

தலைமையாசிரியர் தேற்றுவதற்காகத் தன் போனை நீட்டினார். "பஸ்ஸுல வரும்போதே பாத்தேன், மனசு கேக்கல, படம் எடுத்துக்கிட்டேன்." போனில் ஃப்ளெக்ஸ் இருந்தது. அந்தப் படத்தை வீரையா சாருக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தவரே அவர்தானே.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டு வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே ஏழெட்டு ரோஜா மாலை. நடுவில் பர்வதம் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க" என்றாள். "என் சாவுக்கு நீங்கதான் கடைசியா வந்தது."

தேவிபட்டினத்திலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா முத்திருளாயி அழுத மூக்கைச் சிந்திக்கொண்டே பாய்ந்தாள். "ஏலே வீரையா! ஓடுற பஸ்ஸ நிப்பாட்டி எறங்கி ஓடியாந்தேன்லே. இந்த வெள்ளை முடியில எம்புட்டு லெட்சணமா இருந்தா, ஒருநாளு வாய் தொறந்து சொல்லாம விட்டுட்டேனேன்னு தெரு முச்சூடும் ஒப்பாரி வச்சுக்கிட்டே வாரேன். கதவத் தொறந்து இவளே வந்து ‘என்ன மதினி’ங்குறா!"

யாரோ சிரித்தார்கள். பர்வதம் சிரிக்கவில்லை. டீப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்களா? வந்தவங்க பூராம் இதேதான் சொன்னாங்க. நரை எடுப்பா இருந்துச்சாம், அந்த மெரூன் சேல அம்புட்டுப் பொருத்தமாம். ஒரு வருசமா இந்தத் தலையோடதான் இதே தெருவுல நடக்குறேன். ஒரு ஆளு சொல்லல."

"பர்வதம், நான் ஒரு மரியாதைக்கு..."

"வயசுக்கு ஏத்த மாதிரின்னீங்கள்ல, அது செத்தவளுக்கு ஏத்த மாதிரிங்க." குரல் உயரவில்லை. "நரைச்சாச்சுன்னா மங்கலா உடுத்தணும், பல்லு தெரியாம சிரிக்கணும், சுவத்தோரமா ஒதுங்கிக்கணும். உசுரு போறதுக்கு முன்னாடியே ஆள இப்பிடித்தான் கொஞ்சங்கொஞ்சமா பொதைக்கிறீங்க. வயசாவுறது குத்தமில்ல. ஆன வயச ஒளிச்சு வச்சுக்கிட்டுப் பயந்து பயந்து வாழுறதுதான் குத்தம். நான் பயப்படுறதா இல்ல. நாளைக்குக் கடை தொறக்குறேன், என் மூஞ்சியோட."

வீரையா சாரிடம் எதற்கும் ஒரு கொள்கை கைவசம் இருக்கும். அன்று அவர் ஸ்டூலைத்தான் கையில் எடுத்தார். நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ஃப்ளெக்ஸை அவரே அவிழ்த்து இறக்கிச் சுருட்டி, கனி கடைக்குக் கொண்டுபோனார்.

"அப்பவே சொன்னேன்ல சார்" என்றான் கனி.

"சொன்ன. அந்தச் சிரிக்கிற படத்தப் போடுலே. பெருசாப் போடு."

மறுநாள் காலை மெரூன் சேலைக்காரி பத்தடி உயரத்தில் ராமேஸ்வரம் ரோட்டைப் பார்த்துச் சிரித்தாள். முந்தின நாள் வந்த மாலைகளை வீணாக்க மனமில்லாமல் பர்வதம் கடை வாசலில் தோரணமாகக் கட்டிவிட்டாள். பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் இந்தத் தடவை இறங்கியது ஜாக்கெட் தைக்க. முத்திருளாயியும் ஒன்று தைக்கக் கொடுத்தாள். கிளிப்பச்சை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம். அனுஷியா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பர்வதம் ஷட்டரை இறக்கப் போனபோது வீரையா சார் உள்ளே வந்தார். மூன்று ஞாயிறாக டைக் கிண்ணத்தை எடுக்கவில்லை; காதோரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தது. சட்டைத்துணிப் பொட்டலம் ஒன்று கையில் இருந்தது. ரோட்டில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆம்பளச் சட்டை தைப்பியா?"

"தைப்பேன்" என்றாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். அவர் பழக்கத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். அவள் டேப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி, அவசரப்படாமல், அப்படியே காத்திருந்தாள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த அட்டையின் பக்கம் போகாமல் அவர் பார்வை கொஞ்ச நேரம் கூரையில் இருந்தது. பிறகு மெதுவாக மூச்சை விட்டார்.

"நாப்பத்தி ரெண்டு" என்றாள்.

"எழுதிக்க" என்றார் வீரையா சார்.