பத்து லிட்டர் கடல்

சேஷகிரி பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். பிற்பாடு இந்த வேறுபாட்டைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளப் பலமுறை முயன்று பார்த்தார். ஒருமுறையும் அது கைகொடுக்கவில்லை.

பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அவர் விருப்ப ஓய்வு பெற்றது 2001-இல். கூடத்தின் ஒரு சுவரை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்த பவளத் தொட்டியை அந்த ஆண்டே விற்றார். மீனைவிடப் பவளத்தையே முதன்மையாக வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி அது; அதற்கென்று மாதந்தோறும் இறக்குமதி உப்பு வாங்க வேண்டியிருந்தது. மகள் சஹானா அப்போதுதான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். தொட்டி, கல்லூரி இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. அன்று முதல் குடும்பம் நடந்தது, பள்ளியில் கணக்கு ஆசிரியையான ரமாவின் சம்பளத்தில்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பிரேசர் டவுனிலிருந்து ஓஸ்வால்ட் தொலைபேசியில் அழைத்தார். பழைய தொட்டிக் கூட்டாளி.

"சேஷு, உன் கல்லு ஒண்ணு என்கிட்ட கெடக்குது மேன். நீ குடுத்த பட்டன் எல்லாம் பெருகிப் போச்சு. என் தொட்டியில எடமில்ல. வந்து எடுத்துட்டுப் போ."

"தொட்டியே இல்லாதவன்கிட்ட கல்லைக் குடுத்து என்ன பிரயோஜனம்? கையில காசும் இல்ல."

"துட்டு கிட்டுன்னு பேசினே, கல்லால அடிப்பேன். அதே கல்லால."

சட்டைப் பொத்தான் அளவில், பச்சை வட்டங்களாக விரிந்து கல்லை மூடியிருந்த மென்பவளங்கள் அவை. ஒரு வாளியில், ஓஸ்வால்ட் தந்த கடல்நீரோடு, ஆட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ரமா வாளிக்குள் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"வெச்சுக்கோங்கோ. ஆனா ஆத்துக் கணக்குலேர்ந்து ஒரு ரூபா இதுக்குப் போகப்படாது."

நியாயமான நிபந்தனை. சேஷகிரி பரணிலிருந்து இரண்டடித் தொட்டி ஒன்றை இறக்கினார். புது மீன்களைச் சில நாள் தனியே வைத்துப் பார்ப்பதற்காக முன்பு வாங்கியது. கசிந்த மூலையைப் பிரித்துப் புதிதாக ஒட்டினார். நீரில் சேரும் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவியைக் குழாய்த் துண்டுகளைக் கொண்டு தாமே செய்தார். விளக்குக்குப் பின்னறையின் குழல் விளக்கையே கழற்றித் தாழ்த்தி மாட்டினார். எல்லாம் கைவசம் இருந்தன, உப்பைத் தவிர. ஒரு வாளி இறக்குமதி உப்பின் விலைக்கு அந்த வீட்டில் ஒரு மாதம் பால் வாங்கலாம். உண்மையான கடல்நீருக்கு விலை இல்லை. ஆனால் அது சென்னையில் இருந்தது.

கீழ்த்தளத்துச் சந்திரசேகரன் மாதம் தவறாமல் சென்னை சென்று வருபவர். திருவான்மியூரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மணமான மகள் கிருத்திகாவின் வீடு. சேஷகிரி அவரை மாடிப்படியில் பிடித்தார்.

"ஊருக்குப் போறேளாமே?"

"சனிக்கிழமை. என்ன வேணும், சொல்லுங்கோ. காபிப் பொடி மட்டும் கேக்கப்படாது. அதை நானே இங்கேர்ந்துதான் கட்டிண்டு போறேன்."

"வாங்கற சாமான் இல்ல. கொஞ்சம் கடல் தண்ணி வேணும். ஒரு கேன்."

சந்திரசேகரனின் முகத்திலிருந்த குறும்பு அடங்கியது. குரலும் தாழ்ந்தது.

"பெரியவருக்கா?"

சேஷகிரியின் தந்தை ரங்கநாதன், முன்னாள் மைசூர் அரசாங்க ஊழியர், இதே வீட்டில்தான் காலமானார். உடம்பு ஒத்துழைத்தவரை ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் சென்று கடலில் நின்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்தவர். அது கட்டடம் முழுவதும் அறிந்த செய்தி. மகன் கடல்நீர் கேட்டால், தந்தைக்குச் செய்யும் அமாவாசைத் தர்ப்பணத்தில் சேர்ப்பதற்காகவே கேட்பான் என்று சந்திரசேகரன் எடுத்துக்கொண்டது இயல்புதான்.

மனைவியின் சம்பளத்தில் உண்பவன், பொழுதுபோக்குக்காகப் பத்து லிட்டர் தண்ணீரை அடுத்த மாநிலத்திலிருந்து இன்னொருவர் தலையில் சுமத்துகிறான். அந்த வாக்கியத்தைச் சேஷகிரி மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை அசைத்தார்.

"சாஸ்திரத்துல இடம் உண்டா தெரியல," என்றார் சந்திரசேகரன். "ஆனா அவருக்குப் பிடிச்சது. நான் கொண்டுவரேன். கூலி, ஆட்டோன்னு ஆரம்பிச்சேள்னா அப்புறம் பேச்சு வெச்சுக்க மாட்டேன்."

முதல் கேன் வந்தது. காலை நேரத்தில், அலை உடையும் இடத்தைத் தாண்டி, இடுப்பளவு நீரில் இறங்கி முகந்ததாகச் சந்திரசேகரன் சொன்னார்.

"ரயில்ல கீழ வைக்கலை. மடியிலயே வெச்சுண்டேன். பக்கத்து சீட்டுக்காரன், பெட்ரோலா சார்னு கேட்டுட்டு எழுந்து வேற பெட்டிக்கே போயிட்டான். நிம்மதியா காலை நீட்டிண்டு வந்தேன்."

சேஷகிரி நீரை மல்துணியில் வடிகட்டினார். மூடி வைத்துத் தெளியவிட்டார். உப்பின் அடர்த்தியை அளந்தார். குறை சொல்ல முடியாத நீர். அதைத் தொட்டியில் சேர்த்த மறுநாள், பச்சைப் பொத்தான்கள் அவர் இதுவரை கண்டிராத அகலத்துக்கு விரிந்தன. ஓஸ்வால்ட் ஒரு நத்தையையும் கண்ணாடி போன்ற இறால் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். சேஷகிரி நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். விருப்ப ஓய்வுக்குப் பின் அவர் ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்று எண்ணியது அன்றுதான்.

தொட்டி கூடத்தில் இல்லை. பின்னறையில், திரைக்குப் பின்னால் இருந்தது. கீழ்த்தளத்திலிருந்து யாரேனும் வந்தால் கண்ணில் படக்கூடாது.

மூன்றாம் மாதம் ரமா பள்ளியிலிருந்து வந்து, கைப்பையை மாட்டாமலே நின்றாள்.

"நீங்க அமாவாசை தவறாம தர்ப்பணம் பண்றேளாம். படியில கீழாத்து நிருபமா மாமி சொன்னா. அவாத்து மாமாவுக்கு உங்களை நெனச்சா கண்ணுல ஜலம் வந்துடறதாம்."

சேஷகிரியின் பார்வை பின்னறைத் திரைக்குப் போனது.

"எந்த ரூம்ல பண்றேள்னு எனக்கும் சொல்லுங்கோ. சும்மா ஒரு நாள் எட்டிப் பாக்கலாம்."

"நானா அப்படிச் சொல்லலை. அவரா நெனச்சுண்டார்."

"சரி. அவர் நெனச்சது தப்புன்னு எப்போ சொன்னேள்?"

ரமா பதிலுக்குக் காத்திராமல் கைப்பையை ஆணியில் மாட்டினாள். அவள் கணக்கு ஆசிரியை. விடைத்தாளைத் திருத்தியபின் அதைப் பற்றி மேலும் பேசும் வழக்கம் இல்லை.

அந்த வாரமே நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று மணலில் விழுந்தது. இறால் ஒரு காலையில் வெளுத்துக் கிடந்தது. பொத்தான்கள் சுருங்கின. சேஷகிரி விளக்கை உயர்த்தினார், தாழ்த்தினார். வெப்பத்தை அளந்தார். ஆவியாகிக் குறைந்த நீருக்குப் பதிலாகத் தாம் ஊற்றிய வடிகட்டிய குடிநீரைச் சந்தேகித்தார். தம் கைகளைக்கூடச் சந்தேகித்து, சோப்புப் போடுவதை நிறுத்தினார். எதுவும் பயன்படாதபோது, பவளம் வளர்ப்பவர் எவரும் செய்வதைச் செய்தார்: கெட்டதாகத் தோன்றும் நீரை எடுத்துவிட்டு, நல்ல கடல்நீரை அதிகமாக ஊற்றினார். அதற்காகச் சந்திரசேகரனிடம் இரண்டாவது கேனும் கேட்டார்.

"அதுக்கென்ன," என்றார் சந்திரசேகரன். "மகாளய அமாவாசை வரது. கூடத்தான் வேணும்."

இரண்டு கேன்கள் வந்தன. ஊற்ற ஊற்றக் கல்லின் ஒரு பக்கம் முழுவதும் பழுப்பாகிக் கூழாகக் கரைந்தது.

அடுத்த முறை நீரை வடிகட்டியபோது மல்துணியில் துளசி இலை ஒன்று தங்கியது. சேஷகிரி அதை விரலில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கீழே இறங்கிச் சென்று, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார். சந்திரசேகரன் மகிழ்ந்துபோனார்.

"பாத்துட்டேளா? மொத தடவைதான் நேரா கேன்ல பிடிச்சேன். மனசு கேக்கலை. பிளாஸ்டிக்ல தீர்த்தமா? இப்போல்லாம் கிருத்திகாவாத்துல பெரிய செப்புத் தவலை இருக்கு, அதைப் புளி போட்டுத் தேய்ச்சு, அதுலதான் கொண்டுவந்து வெக்கறேன். ராத்திரி முழுக்க சுவாமி அலமாரிக்கு முன்னாடி இருக்கும். துளசி போட்டு. கார்த்தால கிளம்பறச்சேதான் கேனுக்கு மாத்தறது. ரயில்ல தவலையைத் தூக்கிண்டு வர முடியாதோன்னோ."

செப்புத் தவலை என்ற சொல்லிலேயே சேஷகிரி நின்றுவிட்டார்.

மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயைத் தீர்க்கச் செம்பு கலந்த மருந்து உண்டு. பவளம் உள்ள தொட்டியில் அதன் ஒரு துளியும் விழக்கூடாது. நத்தை, இறால், பவளம் என்று முதுகெலும்பில்லாத எதுவும் செம்பில் பிழைக்காது. இந்தப் பொழுதுபோக்கில் முதல் மாதம் கற்கும் பாடம் இது. உப்பு நீர், புளியால் தேய்த்த தவலையில் ஓர் இரவு முழுவதும் இருந்து செம்பைக் கரைத்திருக்கிறது. அந்த நீரைத்தான் அவர் மருந்தாக எண்ணி மேலும் மேலும் ஊற்றியிருக்கிறார்.

"பிளாஸ்டிக்கே போறும் சார்," என்றார் சேஷகிரி. தம் குரல் தமக்கே அற்பமாகக் கேட்டது. "உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"பெரியவருக்குப் பிளாஸ்டிக்லயா?" சந்திரசேகரன் காயப்பட்டவர்போல் பார்த்தார். "அவர் எனக்கும் பெரியவர்தான் சார்."

உண்மையைச் சொன்னால் கல்லின் மறுபக்கமாவது பிழைக்கும். வெறும் கேனில் வரும் நீர் போதும். சேஷகிரி இதைத் தெளிவாக அறிந்திருந்தார், அறிந்துகொண்டே மாடியேறினார்.

மறுநாள் ரமா பள்ளிக்குப் போனபின், அந்தக் கேனைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று கவிழ்த்தார். ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று முகந்தது, இரவெல்லாம் காத்தது, மடியில் வைத்துக் கொண்டுவந்தது, சாக்கடைத் துளையில் சுழன்று இறங்கியது. கடைசியாக இரண்டு துளசி இலைகள் சல்லடையில் ஒட்டிக்கொண்டன. அவற்றை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல், பால்கனியிலிருந்த தொட்டிச் செடியின் மண்ணில் புதைத்தார். எவரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளக் கீழே எட்டிப் பார்த்தார். தம் ஐம்பத்திரண்டாம் வயதில் இப்படி எட்டிப் பார்க்க நேர்ந்ததை நினைத்து, உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புது நீர் இல்லாத தொட்டியில் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. அடுத்த மாதம் சந்திரசேகரன் வந்தபோது மிஞ்சியிருந்தவை ஒரு கைக்குள் அடங்கும்.

அது ஞாயிற்றுக்கிழமை. ரமா வீட்டில் இருந்தாள். சந்திரசேகரன் ஒரு கேனை மட்டும் தூக்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறி வந்தார்.

"இன்னொண்ணு கீழ இருக்கு. தோள்பட்டை பிடிச்சுண்டுடுத்து. நிருபமா வென்னீர் ஒத்தடம் குடுக்கறேன்னு சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தறா. கொஞ்சம் வந்து எடுத்துக்கறேளா?"

சேஷகிரி கேனை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு, "கொஞ்சம் உள்ள வாங்கோ சார்," என்றார்.

பின்னறையில் திரையை விலக்கினார். சந்திரசேகரன் குனிந்து, ஈரமான கல்லையும் மணலையும் நுரை கக்கும் குழாயையும் பார்த்தார்.

"இது என்ன? மீனே இல்லையே."

"மீன் இல்ல. பவளம். பச்சையா ஓரத்துல தெரியறதே, அது. நீங்க கொண்டுவந்த தண்ணியெல்லாம் இதுக்குத்தான்."

"எல்லாமா?"

"எல்லாம். நீங்க அப்பாவுக்கான்னு கேட்டேள். நான் தலையை ஆட்டினேன். போன மாசத்துத் தண்ணியைக் கொட்டிட்டேன். செம்பு பட்ட தண்ணி இதுக்கு ஆகாது."

சந்திரசேகரன் கண்ணாடியை இன்னும் நெருங்கினார். பழுப்பேறிய பக்கத்தைச் சுட்டினார்.

"அப்போ இது… என்னோட தவலையாலயா?"

"என்னாலதான்."

"உசிருள்ளதா அது?"

"ஆமாம்."

"தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேனே," என்றார் சந்திரசேகரன். அவர் அதைக் கல்லைப் பார்த்தே சொன்னார். சேஷகிரி எதிர்பார்த்துத் தயாராக இருந்தது கோபத்துக்கு. கோபம் வந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கான சொற்களைக் காலையிலிருந்து அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்றும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

சந்திரசேகரன் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கூடத்துக்கு வந்தார். கேனைப் பார்த்ததும் நின்றார்.

"அப்போ பெரியவருக்கு?"

"என்ன சார்?"

"இத்தனை மாசமா அவருக்கு யார் பண்ணினா?"

சேஷகிரி தரையைப் பார்த்தார். "யாரும் பண்ணலை."

சந்திரசேகரன் குனிந்து கேனின் மூடியை இறுக்கினார். அவர் இதைப் பெரிய குற்றமாகக் கருதினாரா, நேர்ந்துவிட்ட குறையாக மட்டும் கருதினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. பிறகு, கடைக்குப் போய் வருவதைப் பற்றிப் பேசுவது போன்ற குரலில் சொன்னார்.

"நாளைக்கு அமாவாசை. கார்த்தால சாஸ்திரிகள் எங்காத்துக்கு வரார். நீங்களும் வந்து உக்காருங்கோ. இந்தத் தண்ணியைக் கொட்ட வேண்டாம், எடுத்துண்டு வாங்கோ. மூணு தலைமுறைப் பேர் வேணும். அப்பா, ரங்கநாதன், எனக்கே தெரியும். அவரோட அப்பா?"

"கேசவன்."

"அவருக்கு அப்பா?"

சேஷகிரி வாயைத் திறந்தார். தந்தை ஒவ்வோர் அமாவாசையிலும், கூடத்தில் இதே இடத்தில் உட்கார்ந்து, உரக்கச் சொன்ன பெயர் அது. அந்த வேளைகளில் சேஷகிரி பெரிய தொட்டியின் எதிரில் இருந்திருக்கிறார். எவ்வளவு முயன்றும் குரல்தான் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை.

சந்திரசேகரன் பொறுமையாக நின்றார்.

"நரசிம்மன்," என்றாள் ரமா, சமையலறை வாசலிலிருந்து.