கழற்ற மறந்த மைக்

கதைப்படம் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். கிளிசரின் அழுகைக்கு நிஜக் கைக்குட்டை எதற்கு என்பேன். ஆவணப்படம்தான் எனக்குப் படம். அதிலும் எடுக்கிறவன் நடப்பதில் தலையிடவே கூடாது. கேமராவை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஃபிலிம் கிளப்பில் நான் இதை ஆரம்பித்தாலே பாதிப்பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

முழுதாக உட்கார்ந்து கேட்கிற ஒரே ஜீவன் என் நண்பன் தாடி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தைப் பற்றி அவன் ஒரு படம் எடுத்திருந்தான். அங்கே வேலை பார்க்கும் என் அக்காவை அவனுக்கு அறிமுகப்படுத்தியதே நான்தான். எடிட்டிங் அறைக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான்.

திரையில் அக்கா ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துப் போட்டாள். கொஞ்சம் பந்தாவாகப் பேட்டியும் கொடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது சாப்பாட்டு நேரம். கேமரா கதவுக்கு வெளியே, தூரத்தில். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தோழியோடு உட்கார்ந்திருக்கிறாள். குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பேட்டி முடிந்ததும் காலரில் இருந்த மைக்கைக் கழற்ற மறந்திருக்கிறார்கள்.

"மார்ல கட்டி மாதிரி இருக்குடி. வீட்டுல சொல்லல. தம்பிக்குத் தெரிஞ்சா அவனுக்குச் சோறு தண்ணி இறங்காது."

என்ன ஒரு காட்சி என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தத் தம்பி நான்தான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"எப்போ எடுத்தது இது?"

"மழைக்கு முன்னாடி."

மழை முடிந்து, குளிர் முடிந்து, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"நீ எப்போ கேட்ட?"

"அப்பவே. ஹெட்போன் போட்டிருந்தேன்ல."

"கேட்டுட்டு?"

தாடியைச் சொறிந்தான். "தலையிடக் கூடாதுன்னு நீதானடா சொல்லுவ. இதை வைக்கலாமா வேணாமான்னு கேக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

அவனை அறைந்திருப்பேன். ஆனால் அவன் ஒப்பித்தது முழுக்க என் பாட்டு. கை எழவில்லை.

படிக்கட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. என்னென்னவோ தோன்றியது. மறுபடி போட்டதும் எடுத்தாள். பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"என்னடா, வேலை நேரத்துல?"

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டினியா?"

யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"துணி குடுக்கப் போறப்போ தினமும் அந்த டாக்டர் ரூம் வாசலைத் தாண்டித்தான் போறேன்," என்றாள். "உள்ள போகத்தான் பயமா இருக்கு."

"அங்கேயே இரு. இப்போ வந்துடறேன்."

"பெருசாயிடுச்சுடா," என்றாள் அக்கா.