இன்னும் ஒரு சென்டி

1

இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சிலிபினில் ஒரு சைக்கிள் பட்டறைக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். "ஏத்தத்துல முன்சக்கரம் தூக்குது" என்றார் ஒருவர். அவ்வளவுதான் காதில் விழுந்தது. மீதியெல்லாம் என் கற்பனை. கற்பனையாகவே இருந்துவிட்டால் நல்லது.

முதலில் எழுதியது: "மலையேறும் சைக்கிளின் ஃபோர்க் என்பது". விளம்பரத் தாள் போல இருந்தது. அடுத்து: "பழைய ரப்பர்த் தோட்டத்துக் குன்றின்மேல் பனி". பனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? விட்டுவிட்டேன்.

2

யுகேந்திரன் பட்டறைக்காரன். ஸைஃபுல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை முதலாளி, அவனுடைய நெடுநாள் கூட்டாளி. ஞாயிறானால் இருவரும் சுங்காய் ஊர்ப் பக்கம் போய், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்துக் குன்றில் சைக்கிள் ஏறுவார்கள். கொஞ்ச காலமாக ஸைஃபுல் பாதியிலேயே இறங்கித் தள்ளினான்.

"ஃபோர்க்குதான் மச்சான். ரொம்ப ஒசரம்லா. கொஞ்சம் இறக்கு."*

யுகேந்திரன் ஃபோர்க்கைப் பிரித்து, உள்ளே ஒரு சென்டிமீட்டர் வளையம் போட்டான்; ஃபோர்க் அந்த அளவு இறங்கியது. அந்த ஞாயிறு ஸைஃபுல் உச்சியில் நின்று கூவினான். அடுத்த மாதம் மறுபடி தள்ளினான். இன்னொரு வளையம்.

* அவன் சொன்னதில் நியாயம் உண்டு. ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, நீளமாக இருந்தால் முன்பக்கம் உயரும். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய்ந்து, முன்சக்கரம் எழும்பி அலையும். குறைத்தால் முன்பக்கம் தாழ்ந்து, சக்கரம் மண்ணைப் பிடிக்கும். நியாயம் இருந்ததுதான் வினை.

3

ரஸ்னாவைக் கதைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. ஆனால் அவள் ஸைஃபுலின் மனைவி, யுகேந்திரனைத் தேடிப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"ஃபோர்க்கு இல்லண்ணே. நரம்பு வியாதி. கால்ல சத்து போய்க்கிட்டே இருக்கும், அப்புறம் கை, அப்புறம்... டாக்டர் அவர்கிட்டயே சொல்லிட்டாரு. அதப் பத்திப் பேசவே விடமாட்டேங்குறாரு."

(அந்த "அப்புறம்"க்குப் பின் ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். நான் அடித்ததால் ஸைஃபுலுக்கு ஒன்றும் குணமாகவில்லை.)

4

மூன்றாவது வளையத்தோடு உள்ளே இடம் தீர்ந்தது. அந்த ஃபோர்க் இதற்கு மேல் இறங்காது. ஸைஃபுல் மறுபடி வந்தான். யுகேந்திரன் பிரித்தான், எண்ணெய் மாற்றினான், ஒன்றும் போடாமல் மூடினான்.

"இப்பப் பாருலா."

ஞாயிறு ஸைஃபுல் முக்கால் குன்று ஏறிவிட்டான். "லேசா இருக்கு மச்சான்!" என்று கத்தினான். பின்னால் வந்த யுகேந்திரன் முகத்தில் வியர்வை என்று எழுதியிருந்தேன். பொய். அவன் அழுதுகொண்டு வந்தான்.

5

மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன. ஸைஃபுல் உச்சியைத் தொடுகிறான். யுகேந்திரன் உண்மையைப் போட்டு உடைக்கிறான். இருவரும் மின்சார சைக்கிள் வாங்குகிறார்கள் (இது என் மனைவி சொன்னது). ஸைஃபுல் எதற்கும் மசியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றான். பிடிக்காமல் நிற்க முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இன்னும் ஒரு சென்டி, மச்சான்."

"ஸைஃபுல்... உள்ள எடம் இல்லடா."

"தெரியும்லா. போன தடவயும் நீ ஒண்ணும் போடல. அதையே இன்னொரு தடவ போடு."

யுகேந்திரன் ஸ்பானரை எடுத்தான். அவன் கை

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. ஸ்பானர் அவன் கையில் இருக்கிறது. பிரிப்பதா, கீழே வைப்பதா, நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். ஸைஃபுலால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.