நாத்தனார் போட்ட தையல்

கர்ப்பப்பையை எடுத்து நான்கு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அவள் கப்பலேறிவிட்டாள். நாற்பது நாள் பயணம். அப்பாவும் அம்மாவும் ஒருமுறையாவது ஜோடியாக ஊர் சுற்றட்டும் என்று மகள் ஒரு வருஷத்துக்கு முன்பே பதிவு செய்து வைத்தது. கட்டி இருப்பது தெரிந்ததும், ஆபரேஷன் ஆனதும் அதற்கப்புறம்தான். தாராளமாகப் போகலாம், கனம் தூக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனுக்குத்தான் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. அத்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் மகள்.

அதற்கு ஆபரேஷனே தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அத்தை என்றால் புருஷனின் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது பேரை ஒரு பார்வையில் வேலை வாங்கியவர். வீட்டிலும் அதே பார்வைதான். தம்பி பெண்டாட்டி எதைச் செய்தாலும் அதில் ஒரு நொட்டை கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவரோடு, கையை விரித்தால் சுவரில் இடிக்கிற ஒரு கேபினில் நாற்பது நாள்.

ஏறிய அன்றே நாத்தனார் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மேல்தட்டில் இருந்ததையெல்லாம் இவள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறக்கினார். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் நடை என்று தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். தாழ்வாரத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இவள் அடிமேல் அடி வைக்க, அவர் பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி வருவார். தையல் கடை நடத்தி ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்கு, ஒருத்தர் தனக்குக் காபி கொண்டுவந்து நீட்டுவது முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் தழும்பின் ஒரு ஓரம் சிவந்து நீர் கசிந்தது. கப்பல் டாக்டர் துடைத்து மருந்து வைத்து, மாத்திரை கொடுத்து, மூன்று நாள் படுத்திருக்கச் சொன்னார். பாவாடையின் இடுப்புப்பட்டை உராய்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது, இனி இடுப்பில் இறுக்கமாக எதுவும் கூடாது என்றார். அவள் கொண்டுவந்த நான்கு பாவாடைகளும் அவளே தைத்தவை. விறைப்பான பட்டை, கச்சிதமான கொக்கி. இப்போது அந்தக் கச்சிதமே எதிரி.

மறுநாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நான்கு மணி நேரம் நின்றது. அங்கே பழைய டெலிபோன்களுக்கென்று ஒரு மியூசியம் இருந்தது. அதைப் பற்றிய பேப்பர் துண்டு புறப்படுவதற்கு முன்பிருந்தே நாத்தனாரின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. அவர் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அதற்காகத்தானோ என்று இவளுக்குச் சந்தேகம். தன்னைப் பற்றிக் கவலைப்படாமல் போய்வரும்படி இவள்தான் அனுப்பி வைத்தாள்.

கப்பலின் ஏணிப்படியைத் தூக்கப் போகிற நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார் நாத்தனார். கையில் ஒரு சுருள் எலாஸ்டிக்கும் மெல்லிய பருத்தித் துணியும். மியூசியம் மூடியிருந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு பட்டைகளையும் பிரித்தார். துணியை மடித்து, எலாஸ்டிக்கைத் தளர்வாகக் கோத்து, கையாலேயே தைத்தார். ஒரு தையல் எறும்பளவு. அடுத்தது தவளை மாதிரித் தாவியது. கடையில் வேலை பார்க்கிற பெண் இப்படித் தைத்திருந்தால் முகத்திலேயே வீசியிருப்பாள் இவள். கை துறுதுறுவென்றது. வாயை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

உடுத்திப் பார்த்தபோது புண்ணில் எங்குமே படவில்லை. மூன்று நாள் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், முழுநேரமும் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. எதிரே உட்கார்ந்த பல் டாக்டர் ஒருவர் அந்த மியூசியத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். நூறு வருஷத்துப் பழைய டெலிபோன் போர்டு ஒன்றில் அவரையே உட்காரவைத்து இணைப்புப் போட விட்டார்களாம். நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் சூப் குடித்தார்.

கேபினுக்கு வந்ததும் கேட்டாள். "ஏன் அண்ணி மூடியிருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"மியூசியம் ஒரு கோடி, துணிக்கடை ஒரு கோடி. இருந்த நேரத்துக்கு ஏதாவது ஒண்ணுக்குத்தான் போக முடியும். அதுவும் நாலு கடை ஏறி இறங்கினேன். எலாஸ்டிக்குக்கு அவங்க பாஷையில என்னன்னு எனக்கென்ன தெரியும்? நடுக்கடையில நின்னு என் இடுப்பை இழுத்து இழுத்துக் காட்டினேன். கடைக்காரன் பயந்துட்டான்" என்றார்.

"என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவே. அழுதா வயிறு குலுங்கும்."

அவள் அழத்தான் செய்தாள். நாத்தனார் சட்டென்று ஒரு தலையணையை எடுத்து அவள் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னதை இவள் மறந்திருந்தாள், அவர் மறக்கவில்லை.

"நல்லாத் தைச்சிருக்கீங்க அண்ணி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"சரி. நான் ஒரு பொய், நீ ஒரு பொய். சரியாப்போச்சு" என்றார் நாத்தனார்.

புண் ஆறியது. பயணத்தின் நான்காவது வாரம் மேல்தளத்தை எதையும் பிடிக்காமல் முழுச் சுற்று வந்தாள். ஐந்தாவது வாரம் மூன்று சுற்று. ஒவ்வொரு காலையும் எழுந்ததும், எதிர்க்கட்டிலில் வாயைத் திறந்து தூங்குகிற அந்த முகத்தைப் பார்க்கையில் மனசு நிறைந்திருந்தது. அவரை எழுப்பாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

கரை சேர்ந்த அன்று புருஷன் துறைமுக வாசலில் காத்திருந்தான். உடம்பு எப்படி இருக்கிறது, அக்கா உயிரை எடுத்துவிட்டாளா என்று ஒரே மூச்சில் கேட்டான். நாத்தனார் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"உங்க அக்காவைப் பத்தி இத்தனை வருஷமா உங்ககிட்ட சொன்னதுல பாதியைத் திரும்ப வாங்கிக்கிறேன்," என்றாள் அவள்.

"மீதிப் பாதி?"

"அது அப்படியே இருக்கட்டும். முதல்ல போய் அவங்க பெட்டியை வாங்குங்க."