கை பதிக்கும் அறை

என் சகலைக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக வருஷத்தில் நாலைந்து தடவை ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை. காரணம் மிளகு.

மிளகு என் மகள். ஆறு வயது. உருவம் சின்னது, வாய் காரம், அதனால் அந்தப் பேர். நான் கொத்தனார். என் மனைவி சித்தாள். நான் சுவர் எழுப்புவேன், அவள் கலவை சுமந்து தருவாள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம். கட்டடம் எங்கேயோ, அதை ஒட்டிய தகரக் கொட்டகைதான் வீடு. இரண்டு வருஷத்தில் மிளகுக்கு மூன்று பள்ளிக்கூடம். மூன்றிலும் மறுபடி 'அ'விலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

என் மனைவியின் அக்காவுக்கு ஒரே மகன். அவன் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. பள்ளி திறக்கும்போது மிளகு அங்கே வந்து தங்கிப் படிக்கட்டும் என்று அக்கா ஒரு மாதமாகப் போனில் அரித்துக்கொண்டிருந்தாள். நான் முடியவே முடியாது என்றேன். என் மனைவி முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா எங்கேயாவது போவோம். அவங்களோட அவ எப்படி இருக்கான்னு பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பொழுதுபோக்கப் போகவில்லை. பிள்ளை யார் வீட்டில் வளரும் என்பதை முடிவு பண்ணப் போனோம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சகலை. பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டு, கிளறி, செய்து பார்த்துக் கற்றுக்கொள்கிற கூடமாம். பழைய கிடங்கு ஒன்றுக்குக் கண்ணைப் பறிக்கிற மாதிரி பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே அறை அறையாகப் பிரித்து, ஓர் அறையில் தண்ணீர்த் தொட்டியும் கை பம்பும், ஓர் அறையில் பொம்மை ஆஸ்பத்திரி, ஓர் அறையில் மண்ணும் செடியும். வாசலில் ஒரு பெண் எல்லார் சட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். எனக்கு ஒட்டியதில் 'துணைக்கு வந்தவர்' என்று இருந்தது. சகலைக்கும் அதேதான். இருந்தாலும் அவர் என் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார்.

மூன்றாவது அறையில் நுழைந்ததும் அவர் நின்றுவிட்டார். பஞ்சு மாதிரி மெத்தென்ற செங்கற்கள், பிளாஸ்டிக் கரண்டி, மஞ்சள் தொப்பி. பத்துப் பிள்ளைகள் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடடே! சகலை, உங்க வேலையப் பாக்க இங்க டிக்கெட் போட்டு வர்றாங்க."

"ஆமா. உங்க வேலைக்கு ஒரு மூலை கூட ஒதுக்கல பாத்தீங்களா? ஃபைல நகத்தறத எந்தப் பிள்ளை வந்து பாக்கும்?"

அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மனைவி என் முதுகில் சுருக்கென்று கிள்ளினாள்.

மிளகு யாரையும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய், அவளைவிடப் பெரிய பிள்ளை ஒன்றின் கையிலிருந்த செங்கலைப் பிடுங்கினாள்.

"மூட்டு மேல மூட்டு வெக்கறியே, சுவரு பொளந்துக்கும். பாதிக் கல்லு தள்ளி வை. ஐயோ, இப்படி இல்ல. குடு இங்க."

வழிகாட்ட நின்றிருந்த இளைஞனே வாயைப் பிளந்து பார்த்தான். நாலு வரிசை எழுப்பிவிட்டு ஒற்றைக் கண்ணை மூடி மட்டம் பார்த்தாள். நான் பார்க்கிற மாதிரியே. என் மனைவி சத்தமில்லாமல் சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் என் பக்கம் சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

"எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்றாள் அக்கா.

"எங்கப்பாகிட்ட. எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும், பெரியம்மா."

"இப்பவே பாதிக் கொத்தனார் ஆயிட்டா. இன்னும் ரெண்டு வருஷம் கொட்டகையில விட்டா மீதியும் ஆயிடுவா" என்றார் சகலை.

"ஆனா என்ன? நீங்க படுக்கற வீட்ட யாரு கட்டினா? ஃபைலா?"

"இங்க வந்தும் ஆரம்பிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்" என்று என் மனைவி அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டாள். போகும்போது மிளகைக் காட்டி என்னிடம், "பாத்துக்கோ" என்றாள்.

கடைசி அறை கை பதிக்கிற அறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தட்டு. தட்டு நிறைய வெள்ளைக் குழைவு. அதில் இரண்டு கையையும் அழுத்திப் பதித்தால், இறுகின பிறகு அந்த வில்லையை வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வாளியில் கலக்கிக் கலக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். வேலைக்குப் புதுசு என்பது அவள் கலக்குகிற லட்சணத்திலேயே தெரிந்தது. தண்ணீர் அதிகம்.

"இது என்னம்மா? பிள்ளைங்க கைக்கு ஒண்ணும் பண்ணாதே?" என்று சகலை கேட்டார். எதிலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அவர் கையெழுத்தே போடுவார்.

"ஒண்ணும் பண்ணாது சார். எப்பவும் வர்ற பவுடர் இன்னைக்கு வரல. ஸ்டோர்ல இருந்தத எடுத்துட்டு வந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

"பாக்கெட் எங்க?"

"வாளியில கொட்டிட்டு வெளிய போட்டுட்டேன் சார்."

சகலை என் பக்கம் திரும்பினார். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் ஒரு விஷயத்தில் கூட அவர் என்னிடம் யோசனை கேட்டதில்லை.

"சகலை, இது உங்க சமாச்சாரம். பாத்து சொல்லுங்க. வெக்கலாமா?"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பொய் சொல்வானேன். வாளிக்குள் கையை விட்டேன். விரலால் நசுக்கினேன். நைஸாக இருந்தது. மணல் இல்லை. எரியவில்லை, அரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுதான். கூரைக்கு அலங்கார வேலை செய்யறவங்க நாள் முழுக்க இதுலதான் கையை விட்டுட்டு இருப்பாங்க. தாராளமா வெக்கலாம்."

இருபது வருஷம் கலவையில் கிடந்த கை என்னுடையது. உள்ளங்கைத் தோல் செருப்பு மாதிரி. அடுப்பிலிருந்து சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவேன். அந்தக் கையை வைத்து ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு நியாயம் சொன்னேன்.

மிளகு கையை அழுத்தினாள். பக்கத்தில் நாலைந்து பிள்ளைகள். குழைவு தண்ணியாக இருந்ததால் கையை எடுத்தால் பள்ளம் தானே மூடிக்கொண்டது.

"இறுகற வரைக்கும் அப்படியே வெச்சிருந்தா ரேகை கூட விழும்" என்றாள் அந்தப் பெண்.

மற்ற பிள்ளைகள் மூன்று நிமிஷத்தில் அலுத்துப்போய்க் கையை உருவிக்கொண்டு குழாய்க்கு ஓடினார்கள்.

"இவளும் எந்திரிச்சிடுவா. ஒரு இடத்துல உக்காந்து பழக்கமிருந்தாத்தானே" என்றார் சகலை.

"என் மக தாங்குவா. அவ எந்திரிச்சா என் பேர மாத்திக்கறேன்."

மிளகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இன்னும் அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். "அப்பா, கடிக்குது" என்றாள்.

கடிக்குது. கொட்டகையில் வளர்ந்த பிள்ளை. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் எரியுது என்றுதான் சொல்லியிருக்கும். சிமென்ட் கடிக்கும் என்பது எங்கள் வேலையில் மட்டும் புழங்குகிற பேச்சு. அவள் மணிக்கட்டில் முதல் நாள் தகரத்தில் உரசிய கீறல் ஒன்று இருந்தது. அதுவரை எனக்கு அது நினைவிலேயே இல்லை.

தட்டின் ஓரத்தில் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. பிளாஸ்டர் என்றால் பத்து நிமிஷத்தில் சூடு கிளம்பிக் கல்லாகியிருக்க வேண்டும். இது ஊற்றினபடியே தளதளவென்று கிடந்தது. சூடும் இல்லை, இறுக்கமும் இல்லை.

வெள்ளை சிமென்ட்.

பிள்ளையின் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்க எத்தனை நேரம் ஆகும்?

"என்ன சகலை, எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"இருக்கு" என்றேன்.

பிறகு மிளகிடம் குனிந்து, "கொஞ்சம் பொறு கண்ணு" என்றேன்.

இன்னும் இரண்டு நிமிஷம். அவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கியதும், போதும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவிவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்த மனுஷன் போனை எடுக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷம் ஐந்தாச்சு, பத்தாச்சு. மிளகின் கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. விழாமல் இருக்கத் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டாள்.

என் மனைவி வந்தாள். பிள்ளையின் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தாள். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வந்து, தட்டுக்குள் கையை விட்டு மிளகின் இரண்டு கையையும் அள்ளினாள். அள்ளின வேகத்தில் "ஸ்ஸ்" என்று இழுத்தாள். அவள் கை என் கை மாதிரி செத்த கை இல்லை. விரல் சந்து முழுக்க வெடிப்பு.

"யோவ், இது சிமென்ட்டுய்யா!"

தூக்கிக்கொண்டு ஓடினாள். தண்ணீர்த் தொட்டி அறையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை விலக்கிவிட்டு, பம்பை அடி அடி என்று அடித்தாள். வெள்ளை கரைந்து ஓடியது. உள்ளே கை செக்கச் செவேலென்று இருந்தது. விரல் நுனித் தோல் ஊறின காகிதம் மாதிரி சுருங்கி, கீறல் இருந்த இடத்தில் உரிந்துவிட்டது. மிளகு அப்போதுதான் அழுதாள். அழுகையா அது, கத்தல்.

சகலை ஏப்ரன் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "அறிவிருக்கா உனக்கு? பச்சைப் பிள்ளைங்க கையில சிமென்ட்ட கொட்டியிருக்கியே!"

"சார், எனக்குத் தெரியாது சார். அவருதான் கைய விட்டுப் பாத்து வெக்கலாம்னு சொன்னாரு. நீங்களும்தானே பக்கத்துல நின்னீங்க" என்று அவள் அழுதுகொண்டே என்னைக் காட்டினாள்.

என் மனைவி பம்பை நிறுத்தவில்லை. திரும்பாமலே கேட்டாள். "உனக்குத் தெரியலையா?"

இரண்டு பதில் இருந்தது. ஒன்று சொன்னால் மானம் போகும். இன்னொன்று சொன்னால் பிள்ளை போகும்.

"தெரியல" என்றேன். "பிளாஸ்டருன்னு நெனச்சேன். வெள்ளையா இருந்துச்சு. தெரியல."

"பேஷ்!" என்றார் சகலை. "இருபது வருஷமா மேஸ்திரி. சிமென்ட் எதுன்னு தெரியல. நாளைக்கு ஒரு கட்டடத்துல மாவக் கொழச்சுப் பூசிட்டு வாங்க, சகலை."

அக்கா சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு வாய் தயாராக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். போகட்டும். என்னை முட்டாள் என்று நாலு பேர் சொல்லட்டும். முட்டாள் வீட்டில் பிள்ளை வளரக் கூடாதென்று சட்டமா இருக்கிறது?

"எங்கப்பாவ அப்படிச் சொல்லாதீங்க!"

மிளகு. விக்கலுக்கு நடுவில், மூக்கு ஒழுக, ஈரக் கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு சகலையைப் பார்த்துக் கத்தினாள்.

"எங்கப்பாவுக்கு சிமென்ட்டு தெரியும்! நான் கடிக்குதுன்னு சொன்னேன், அப்பா விரல விட்டுப் பாத்தாரு. பாத்ததும் அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பா மூஞ்சி மாறுச்சு, நான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் பொறு கண்ணுன்னாரு. நான் பொறுத்துக்கிட்டேன். எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும்!"

பம்பு நின்றது.

என்னை அடிக்க அதைவிட நல்ல கல் சகலைக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். சண்டை போடவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

என் மனைவி நிமிர்ந்தாள். நான் அவளை அடித்திருக்கிறேன், அவள் என்னைத் திருப்பி அடித்திருக்கிறாள், பட்டினி கிடந்திருக்கிறோம். எந்த நாளிலும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. யாரோ வழியில் போகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அந்த ஆளு முன்னாடி தோத்துடக் கூடாதுன்னு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "அதுக்குத்தானே?"

அவள் முந்தானையை நனைத்துப் பிள்ளையின் கையைச் சுற்றினாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க கார எடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்." இரண்டடி நடந்துவிட்டு, நின்று கேட்டாள். "உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்கூலு என்னைக்குத் திறக்கறாங்க?"

"வர்ற திங்கக்கிழமை இல்ல, அடுத்த திங்கக்கிழமை."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவள் தோளுக்கு மேலே மிளகு என்னைப் பார்த்து, "அப்பா, வா. ஏன் நிக்கற?" என்றாள். கையை ஆட்டிக் கூப்பிட முடியாததால் தலையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

காரில் எனக்கும் இடம் இருந்தது. யாரும் ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. என் பிள்ளையின் ஆஸ்பத்திரிக்கு எனக்கு யார் அனுமதி தர வேண்டும் என்று கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். என் மனைவி மிளகைத் தூக்கி, என்னை ஒட்டாதபடி தன் மடியின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.