முன்னால் ஓர் ஆள் இடம்

“சட்டையை எடுத்து மாட்டிடும்மா. நாளைக்குக் காத்து எப்படி அடிக்கப்போகுதுன்னு ரேடியோவுல கேட்டேல்ல?”

“மாட்ட மாட்டேன்ணே.”

“அவன் வரலைன்னா நாங்க என்ன பண்றது?”

“மத்தவங்கள மாதிரி நனையுங்க.”

பல் டாக்டர் வாசலில் நின்றபடியே குடையை மடக்கினார். உள்ளே கூப்பிடமாட்டாள் என்று தெரிந்ததும் மறுபடி விரித்துக்கொண்டார். அவர்தான் சைக்கிள் கிளப்பின் தலைவர். வாரா வாரம் சனி, ஞாயிறில் கிளப் சவாரி போகும், வருடத்தில் ஒரு வாரக்கடைசியில் தன் பெரிய ரேஸை நடத்தும். சனிக்கிழமை போட்டி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அணைக்கட்டு வரை போய்வரும் சவாரி. அந்த இரண்டு நாளும் வானம் நன்றாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. டாக்டர் வரச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்த ஆள் அவளுடைய கணவன், லிஃப்ட் மெக்கானிக். அவர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. செத்த பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவர் லீவு போட்டதில்லை.

உயிரோடு இருந்தபோது கிளப்பில் அவரை மாடு என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை, அவரும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை. எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக, சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போலப் போவார்கள். முன்னால் இருப்பவர் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவர்களுக்குப் பாதி உழைப்புதான். முன்னவர் களைத்ததும் முழங்கையை ஒரு தடவை வெளிப்பக்கமாக அசைத்துவிட்டு ஒதுங்குவார், அடுத்தவர் முன்னால் வருவார். எல்லா ஊரிலும் இதுதான் முறை. இந்தக் கிளப்பில் மட்டும் கூடுதலாக ஒன்று இருந்தது. முழங்கை அசையாமல் முன்னவரை யாரும் முந்தக் கூடாது. முந்தினால், உனக்குத் தெம்பு போய்விட்டது என்று மூஞ்சிக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பழைய ஆட்கள் மரியாதைக்காக வைத்த வழக்கம் அது. மெக்கானிக் ஒருநாளும் முழங்கையை அசைத்ததில்லை. அவர் அசைக்காததால் யாரும் முந்தவில்லை, யாரும் முந்தாததால் அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். இரு தரப்பும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள்.

அவர் செத்ததும் அப்படித்தான். ஆலங்கட்டி மழை பெய்த ரேஸ் அன்று, அணைக்கட்டு மேட்டில் அவர் உயிர் போய்விட்டது. பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வேகம் குறையவில்லை. அங்கிருந்து இறக்கம், பாலம், மரக்கிடங்கு, கடைசி நேர்ரோடு, எல்லாவற்றிலும் அவரே முன்னால் இழுத்து, எல்லைக்கோட்டை முதலில் தாண்டி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் சாய்ந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் ரொம்ப நேரம் அவரை வைத்துக்கொண்டே டீ குடித்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், உடம்பு விறைத்திருப்பதைப் பார்த்தால் சாவு அணைக்கட்டுப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது என்றார். அப்படியானால் மீதி தூரத்தை யார் ஓட்டியது என்று ஒருவர் கேட்டார். அது தன் துறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கிளப் கூடியபோது முன்னால் போக யாருக்கும் பழக்கம் இல்லை. நீ போ, நீ போ என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒரு சைக்கிள் நீளத்துக்கு இடம் விட்டு வரிசை கட்டினார்கள். கிளம்பியதும் அந்த இடம் தானாக நகர்ந்தது. அதற்குப் பின்னால் காற்று இல்லை. மழை இரண்டு பக்கமும் திரை மாதிரி விலகி விழுந்தது, நடுவே கிளப் உறுப்பினர்கள் காய்ந்த சட்டையோடு போய்வந்தார்கள். ஊரில் இரண்டு வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு டயர் விலை ஏறியதைப் பற்றிப் பேசினார்கள். ரேஸில் எல்லைக்கோட்டை எப்போதும் அந்த வெற்றிடமே முதலில் தாண்டியதால் மற்ற கிளப்புகள் புகார் கொடுத்தன. போட்டிக் கமிட்டி விதிகளைப் படித்துப் பார்த்தது. ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருக்க வேண்டும், குடித்திருக்கக் கூடாது என்று இருந்தது. உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. அன்றிலிருந்து முதல் பரிசுக் கோப்பையைப் பெயர் பொறிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அறை நீளத்துக்கு நிற்கும் இரும்பு டிரம்களில் படுக்கை விரிப்புகள் சுழலும், வெளியே எடுத்தால் ஈரத்தின் கனம் தோளைப் பிடுங்கும். அவர் போன பிறகு சைக்கிளை முன்னறைச் சுவரில் இரண்டு கொக்கியில் தூக்கி மாட்டியிருந்தாள். சாவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, துவைத்த கிளப் சட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதன் ஹேண்டில்பாரில் மாட்டினாள். மறுநாள் பார்த்தால் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, சக்கரத்தில் புதுச் சேறு. சுவரோரமாக யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவருடைய மூச்சுதான், அவளுக்குத் தெரியாதா? அவள் தரையில் உட்கார்ந்து அந்த மூச்சு அடங்கும்வரை கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டுவாள், சனி ஞாயிறில் ஈரத்தை எடுத்துப் பிழிவாள். மற்றப் பெண்களின் புருஷன்மார்கள் ஒரேயடியாகப் போய்விடுகிறார்கள், நமக்கு வாரம் இரண்டு நாளாவது வீடு திரும்புகிறாரே என்று இருந்தது அவளுக்கு.

துணி தேய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் காலர் போகும், பிறகு முழங்கை, பிறகு அக்குள். அவருடைய சட்டை அப்படித் தேயவில்லை. நெஞ்சுப் பக்கம் சல்லடையாகிக்கொண்டே வந்தது, முதுகுப் பக்கம் கடையில் வாங்கிய அன்றைய நிறத்தோடு இருந்தது, முழங்கை இரண்டும் புத்தம் புதிது. போன வாரம் அவள் அதைப் பிழிந்தபோது நெஞ்சுத் துணி நூல் நூலாகக் கையோடு வந்துவிட்டது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மூச்சுச் சத்தமும் அடங்க ரொம்ப நேரம் பிடித்தது, நடுவில் நின்று நின்று வந்தது. அவர் வீடு திரும்பவில்லை, வேலை முடியாமல் வந்து வந்து போகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சட்டையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டியும் பிரயோஜனம் இல்லை. சனிக்கிழமை ரேஸ் தொடங்கும் நேரத்துக்குச் சுவரில் தொங்கிய சைக்கிளின் சக்கரங்கள் சுழலத் தொடங்கின. வெளியே மரங்கள் தலைவிரித்து ஆடின. உள்ளே மூடிய அறையில் நாள்காட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. சேறு சுவரெல்லாம் தெறித்தது. நனைய சட்டை இல்லாததால் தண்ணீர் சங்கிலியிலிருந்து நேராகத் தரையில் கொட்டியது. அவள் சாக்கை விரித்தாள், பிறகு வாளியை வைத்தாள், வாளி நிறைந்ததும் ஒன்றும் செய்யாமல் நின்றாள். அணைக்கட்டு மேடு வந்திருக்க வேண்டும், மூச்சு விசில் மாதிரி கிளம்பி அறுந்தது. சக்கரம் மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. “நிறுத்துங்க,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் வீட்டிலும் என்றைக்கு நிறுத்தினார்? கேஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வருவார், மழையில் காற்றடிக்கும் பக்கமாகவே நடப்பார், அவள் குடைக்குள் பத்திரமாக வந்துவிடுவாள். குடுங்க, நான் கொஞ்சம் பிடிக்கிறேன் என்று அவளும் கேட்டதில்லை. அவராகக் கொடுக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

சாயங்காலம் பல் டாக்டர் மறுபடி வந்தார். கூடவே ஒட்டுப்புல்லும் வந்தான். அடுத்தவன் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டே காலம் தள்ளியதால் அவனுக்கு அந்தப் பெயர். அன்றைக்கு இரண்டாம் இடம் வந்ததற்கான பதக்கம் கழுத்தில் தொங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

“சட்டை இல்லாமயே வந்துட்டான்மா மச்சான். தங்கமான மனுஷன்,” என்றார் டாக்டர். “ஒரு சின்ன விஷயம். கோவிச்சுக்காத. இப்பல்லாம் ஓரமா வர்றவங்களுக்குத் தோள் நனையுது. முன்ன ஒரு சொட்டு படாது. நீ ஒரு வார்த்தை...”

“அவர் மூச்சு எப்படி இருந்துச்சு?”

டாக்டர் குடையைப் பார்த்தார். ஒட்டுப்புல்தான் சொன்னான். “மேட்டுல நின்னு நின்னு வருதுக்கா. கேக்கவே ஒரு மாதிரி இருக்கும். நாங்க பாட்டுப் பாடிக்குவோம்.”

“ஒருத்தராவது முன்னாடி போக வேண்டியதுதானே?”

“கை அசைக்கலையேக்கா.”

“அவருக்குக் கை எங்க இருக்கு?”

“அதான்க்கா நானும் சொல்றேன். கையே இல்லாதவரு எப்படி அசைப்பாரு? அவரு அசைக்காம நாங்க எப்படிப் போவோம்?” அவன் தும்மினான். “போன மாசம் தனியா கடைக்குப் போனேன். தெருமுனை வரைக்கும் காத்து மூஞ்சில பட்டுச்சு, மூணு நாள் படுத்துட்டேன். நம்ம கிளப்புல இப்ப எல்லாருக்கும் இதே கதைதான்.”

அவள் இருவரையும் பார்த்தாள். கல்யாணத்துக்கு வந்து பந்தியில் முதலில் உட்கார்ந்தவர்கள், சாவுக்கு வந்து தோள் கொடுத்தவர்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. “நாளைக்கு நானும் வரேன்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது மழை சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் சலவைக்கூடத்துக்குப் போகும் கூடை வைத்த சைக்கிளில் வந்தாள். பெடல் ஒவ்வொரு சுற்றிலும் கீச்சென்றது. “அக்கா, காய்கறி வாங்கவா வந்தீங்க?” என்றான் ஒட்டுப்புல், யாரும் சிரிக்கவில்லை. பெண்சாதி என்பதால் அவளை வெற்றிடத்துக்கு நேர் பின்னால் விட்டார்கள். பிரேக் போடாதே, முந்தாதே என்று டாக்டர் இரண்டே இரண்டு பாடம் எடுத்தார். வரிசை கிளம்பியது.

பத்துப் பதினைந்து மிதியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காற்று இல்லை. மழை இரு பக்கமும் விலகி விழுந்தது. அந்தப் பழைய சைக்கிள் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது, பெடலின் கீச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. அது குடைக்குள் அவரோடு நடந்த அதே கதகதப்பு. மரக்கிடங்கு வந்தது, பாலம் போனது, அவள் எதையும் கவனிக்கவில்லை. இப்படியே வாரா வாரம் வந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. சட்டையை ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம், நெஞ்சுக்கு இரட்டைத் துணி வைக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பின்னால் டாக்டர் ஒரு பாட்டை எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அணைக்கட்டு மேடு வந்துவிட்டது என்று அவளுக்கு அதனால்தான் தெரிந்தது.

பாட்டுக்கு அடியில் அந்த மூச்சு கேட்டது. இழுத்தது, அறுந்தது. அவள் காத்திருந்தாள். மறுபடி இழுத்தபோது அது மனுஷ மூச்சாக இல்லை, கிழிந்த துணியைக் காற்று அடிக்கிற சத்தமாக இருந்தது. அவளுடைய வலது தோளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இடது தோளிலும் விழுந்தது.

அவள் ஹேண்டில்பாரைத் திருப்பி வரிசையை விட்டு வெளியே வந்தாள். காற்று அவள் முகத்தில் ஓங்கி அறைந்தது. மழை கண்ணை மூடியது, சைக்கிள் நின்றுவிடும் போலக் கனத்தது. கூடை ஒரு பக்கம் இழுத்தது. ஈர விரிப்புகளை இருபது வருடம் தூக்கிய தோளும் முதுகும் இருந்ததால் அவள் எழுந்து நின்று மிதித்தாள். பின்னால் பாட்டு நின்றது. “கை அசையலக்கா! கை அசையல!” என்று ஒட்டுப்புல் அலறினான். டாக்டர் ஏதோ கத்தினார், அதைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மெல்ல மெல்ல அவள் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தாள். அங்கே மழை விழாத ஓர் இடம் உருண்டுகொண்டிருந்தது. அகன்ற தோள்களுக்கு இருந்திருக்க வேண்டிய இடம். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று குனிந்து ஓட்டுகிற அளவுதான் மிச்சம் இருந்தது. அதன் முன்விளிம்பு வழியாகத் துளிகள் உள்ளே ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தன. ரோடு மேலே ஏறியது, அணையின் சுவர் தெரிந்தது, இருவரும் சக்கரத்துக்குச் சக்கரம் சமமாகப் போனார்கள். தண்ணீர் வடிந்த முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் அவள் சொன்னாள்.

“போதுங்க. ஒரே ஒரு தடவை கையை அசைங்க. நான் முன்னாடி வரேன்.”