ஐந்தாவது அச்சுறுத்தல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. முதல் நாள் எண்ணியது ஐம்பத்திரண்டு செடிகள் என்கிறேன் நான். ஐம்பத்துமூன்று என்பாள் அக்கா. எண்ணுவது அவள் தொழில். அவளுடைய ஜீப்பை ஓட்டுவது என் தொழில். அதனால் அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

அக்கா தாவரக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் இருந்தாள். பாலைவனத்தின் சரளைத் தரையில், மழைக்குப் பிறகு ஒன்பது நாள் மட்டும் பூக்கும் ஒரு ஊதாப் பூ உண்டு. விரல் உயரம்தான். பதினோரு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. அலுவலகப் பட்டியலில் அதற்கு நேரே 'அழிந்திருக்கலாம்' என்று எழுதிவிட்டார்கள். அக்கா மட்டும் நம்பவில்லை. அந்த வருடம் மழை பெய்தது, பூவும் வந்தது. கூடவே, அதே இடத்தின் குறுக்கே நெடுஞ்சாலையும் வந்தது. ஐம்பது செடிகளாவது இருப்பதாகக் காட்டினால் சாலையை வளைத்துப் போட வேண்டும் என்பது விதி. காட்டுவதற்கு மூன்று நாள் இருந்தது.

ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கொடியைக் குத்தி எண்ணுவது அக்காவின் அலுவலக வழக்கம். முப்பது செடியோடு எங்கள் வெள்ளைக் கொடிகள் தீர்ந்துபோயின. நகரத்துக்குப் போய்வர அரை நாள் ஆகும். நான் அக்காவிடம் சொல்லாமல் சாலைக்காரர்களின் கொட்டகைக்குப் போய், வெளியே கிடந்த கட்டிலிருந்து ஒரு பிடி ஆரஞ்சுக் கொடிகளை உருவிக்கொண்டு வந்தேன். அவை எதற்கு என்று யோசிக்கவில்லை. கொடி கொடிதானே.

மறுநாள் காலை நாங்கள் போனபோது புல்டோசர் நின்றிருந்தது. அதன் பின்னால் தரை வழித்தெடுக்கப்பட்டிருந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றார். ஆரஞ்சுக் கொடி போகிற வழியே சுரண்டு என்பது அவருக்கு இட்ட உத்தரவு.

"பதினஞ்சு வருஷமா இந்த வண்டி ஓட்டுறேன். இவ்வளவு கோணல்மாணலா ஒரு ரோட்டைப் பார்த்ததே இல்லைங்க," என்றார். "எந்தப் புண்ணியவான் கோடு போட்டான்னு இறங்கிப் பார்த்தா, கொடிக்குக் கொடி ஒரு பூ."

ஒன்பது செடிகள் போய்விட்டிருந்தன. அக்கா ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே, நான் ஒப்புக்கொள்வதற்கு முன்பே என் தப்பைக் கண்டுபிடித்துவிடுபவள். ஜீப்பிலிருந்து கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்து வந்தாள். 'அச்சுறுத்தல்கள்' என்ற இடத்தில் ஆடு, வெளியிலிருந்து வந்து பரவும் புல், விடுமுறை நாள் மோட்டார் சைக்கிள், சாலை என்று நான்கை எழுதியிருந்தாள்.

"அஞ்சாவதா 'என் தம்பி'ன்னு எழுதட்டுமாடா?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்டுநர் தன் பூட்ஸைப் பார்த்தார். ஐம்பதுக்குக் குறைவாக எதை எழுதினாலும் ஒன்றுதான் என்பது மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. சரளை சுடத் தொடங்கியது.

ஓட்டுநர்தான் தொண்டையைக் கனைத்தார். "மேடம், வண்டி மேல உக்காந்திருந்தப்ப அந்த மேட்டுக்கு அப்பால இதே நிறத்துல என்னமோ தெரிஞ்சுது. தப்பா நினைக்கலைன்னா ஏறிப் பாருங்க."

அக்கா அந்த இயந்திரத்தை அதுவரை 'அந்தப் பிசாசு' என்றுதான் சொல்லிவந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள். குனிந்தே தேடிய எங்களுக்கு மேடு மறைத்ததை அந்த இருக்கையின் உயரம் காட்டியிருக்க வேண்டும். கண்ணுக்கு மேல் கையை வைத்து மேட்டுக்கு அப்பால் பார்த்தாள். பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"டேய், கொடி பத்தாதுடா."

மாலைவரை மூவரும் கூழாங்கல் வைத்து எண்ணினோம். ஓட்டுநர் இரண்டு முறை எண்ணிக்கையை மறந்து முதலிலிருந்து எண்ணினார். அக்கா அதற்கும் என்னைத்தான் திட்டினாள். மேட்டுக்கு அப்பால் மட்டும் நூற்றுப் பதினேழு.

சாலை வளைந்து போனது. பூ 'அழியும் விளிம்பில்' என்ற நிலைக்கு உயர்ந்தது. அன்று அக்கா அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தாள். இப்போது ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறாள். ஓட்டுநர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நான் அதே ஜீப்பை வேறொரு அதிகாரிக்கு ஓட்டுகிறேன். வழித்தெடுத்த அந்தப் பட்டையில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. மழை பெய்தால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.